அறிந்ததைச் சொல்வது அறிவர் கடன்

பல்கலைக்கழகம் என்பது மக்கள் தரும் வரிப்பணத்தால் நடைபெறுவது. அங்கு இருக்கையிட்டு அமர்ந்திருக்கும் ஆய்வறிஞர் ஒருவர், மக்கள் உயிர்க்கு வரவிருக்கும் ஊறு ஒன்றைத் தம் ஆய்வால் அறிந்து கொண்டாராயின், அதனை யாரிடம் சொல்லுதல் வேண்டும்? தம்மையொத்த அறிஞர் பதின்மர் கூடும் அவையில் மட்டும் சொல்லி அமைந்துவிடலாமா? ஊரறியச் சொன்னால் ஊர் அஞ்சும் என்று கருதி வாய்மூடி இருக்கலாமா? அவர் சொல்லிய பின், அவருடைய துறைத் தலைவரே அதனை வெறும் புரளி என்று அறைந்தால் அவர் என் செய்வது?

இவ் வினாக்கள் வெறும் எண்ணப் பயிற்சிக்குரியன அல்ல. சப்பான் நாட்டின் தலைநகராகிய தோக்கியோவில், ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே துறையில் பணியாற்றிய இரு நிலநடுக்கவியல் அறிஞர்களின் வாழ்க்கையில் இவை எழுந்தன. ஒருவர் ஓமோரி புசாகிச்சி, 1868இல் பிறந்தவர். மற்றவர் இமாமுரா அகிட்சுனே, 1870இல் பிறந்தவர். முன்னவர் துறைத் தலைவர். உலகப் புகழ் வாய்ந்தவர். பின்னவர் அவர்க்குக் கீழிருந்த துணைப் பேராசிரியர். இருவரிடையே எழுந்த கருத்து மாறுபாட்டிற்கு 1923ஆம் ஆண்டு விடை தந்தது. அவ் விடையின் விலை நூறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள்.

நிலநடுக்கவியல் ஒரு தனித் துறையாக வளர்ந்ததில் சப்பான் மண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. 1876இல் அந் நாட்டிற்குக் கற்பிக்க வந்த சான் மில்னே என்னும் ஆங்கிலேயர், 1880 பிப்ரவரியில் யோக்கோகாமா நகரை உலுக்கிய நடுக்கத்தைக் கண்டபின், அவ் வாண்டிலேயே சப்பான் நிலநடுக்கவியல் கழகத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். அவரும் அவரோடிருந்த யூயிங்கு, கிரே ஆகியோரும் நில அசைவைத் தானே வரைந்து காட்டுங் கருவிகளைச் செப்பஞ் செய்தனர். ஆயினும் அக் கழகத்தின் உறுப்பினருட் பலர் அயல்நாட்டாரே. அங்குப் பேசப்பெற்றதும் எழுதப்பெற்றதும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே. 1886இல் தோக்கியோப் பல்கலைக்கழகம் செக்கியா சேய்க்கேய் என்னும் சப்பானியரை நிலநடுக்கவியற் பேராசிரியராக அமர்த்தியது. உலகில் இத்துறைக்கென அமைந்த முதற் பேராசிரியர் இருக்கை அஃதே என்பர்.

1891 அக்தோபர் 28ஆம் நாள் மினோ, ஒவாரி வட்டாரங்களில் நேர்ந்த பெருநடுக்கம் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மேலைநாட்டு முறையில் எழுப்பிய செங்கற் கட்டடங்களும் இருப்புப் பாலமும் வீழ்ந்தன. அடுத்த ஆண்டே அரசு நிலநடுக்க ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. அப் பெருநடுக்கத்தின் பின் நாடோறும் தொடர்ந்த சிறு நடுக்கங்களை எண்ணிக் கணக்கிட்ட இளைஞர் ஓமோரி, நாட்செல்லச் செல்ல அவை எவ்வாறு குறைகின்றன என்பதற்கு 1894இல் ஒரு வாய்பாடு கண்டார். முதல்நாளில் நேர்ந்தவற்றுள் ஏறத்தாழப் பாதியளவே இரண்டாம் நாளில் நேரும். பத்தாம் நாளில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே நேரும். கழிந்த காலம் கூடக்கூட அவற்றின் தொகை அதற்கு எதிர்மேனியிற் குறையும் என்பது அவ் வாய்பாட்டின் பிழிவு. இன்றும் பின்னதிர்வுகளை மதிப்பிடுவோர் அதன் திருந்திய வடிவையே கையாளுகின்றனர்.

செக்கியா 1896இல் மறைந்தபின் ஓமோரியே அத்துறைக்குத் தலைமை தாங்கினார். அவர் பெயரால் வழங்கும் பதிவுக்கருவி பல நாடுகளிற் பயன்பட்டது. 1906இல் கலிபோர்னியாவின் சான் பிரான்சிசுக்கோ நகர் அழிந்தபோதும், 1908இல் இத்தாலியின் மெசினா நகர் அழிந்தபோதும் அவர் நேரிற் சென்று ஆய்ந்தார். நிலநடுக்கம் என்றால் உலகம் அவர் முகத்தைப் பார்த்த காலம் அது. ஆகவே, ஓமோரி அறிவிலி அல்லர். போலி அறிஞரும் அல்லர். இதனை முதலில் நாம் நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும். போலிகள் செய்யும் பிழையால் வருங் கேட்டினும், உண்மை அறிஞர் செய்யும் பிழையால் வருங் கேடு பெரிது. மக்கள் போலிகளின் சொல்லை எளிதில் விட்டுவிடுவர். பேரறிஞர் சொல்லை நம்புவர்.

இமாமுரா தெற்கே ககோசிமாவிற் பிறந்தவர். தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்று, நிலநடுக்கவியலை மேற்கொண்டார். 1901இல் துணைப் பேராசிரியரானார். ஆனால் அவ் விருக்கைக்கு ஊதியம் இல்லை. வாழ்க்கைப்பாட்டிற்குப் படைத்துறைப் பள்ளியிற் கணக்குக் கற்பித்தார். அங்கு ஈட்டிய பொருளால் வயிற்றைக் கழுவி, எஞ்சிய பொழுதை நில அசைவு ஆய்வுக்கு ஈந்தார். ஓரிரண்டாண்டுகள் அல்ல, இருபதாண்டுகட்கு மேல் அவர் அந் நிலையிலேயே இருந்தார்.

அவர் கண்ட உண்மைகள் அவர் காலத்திற்கு முந்தி நின்றன. 1896 சூன் 15ஆம் நாள் சப்பானின் வடகிழக்குக் கரையாகிய சன்ரிக்கு வட்டாரத்தைக் கடல் பொங்கி அழித்தது. ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். நில அதிர்ச்சியோ அன்று மெல்லியதாகவே உணரப்பட்டிருந்தது. அவ் வலைக்குக் கரணியம் யாது என்று அறிஞர் பலவாறு பேசினர். கடலடித் தரை திடுமென எழுவதாலோ தாழ்வதாலோ, அதன்மேல் நிற்கும் நீர் முழுவதும் அசைக்கப்பெற்று அலையாகப் பரவுகின்றது என்று 1899இல் இமாமுரா கூறினார். இன்று பள்ளிப் பிள்ளையும் அறிந்த இவ் வுண்மையை அன்று ஏற்றுக்கொண்டோர் மிகச் சிலரே.

1905ஆம் ஆண்டு செப்தம்பரில் இமாமுரா ஒரு கட்டுரை எழுதினார். அறிஞர் மட்டும் படிக்கும் ஆய்வேட்டில் அன்று. கதிரவன் எனப் பொருள்படும் 'தையோ' என்னும் திங்களிதழில், எல்லாரும் படிக்கத்தக்க தம் தாய்மொழியில் எழுதினார். தலைநகரம் முன்பு எதோ என்னும் பெயர் கொண்டிருந்தது. அந்நகரைத் தாக்கிய பெருநடுக்கங்களை வரலாற்றேடுகளிலிருந்து அவர் எடுத்துக் காட்டினார்: 1649, 1703, 1855. ஏறத்தாழ நூறாண்டுக்கு ஒருமுறை பெருநடுக்கம் வருகின்றது. இறுதியாக வந்தது முதல் ஐம்பதாண்டுகள் கழிந்துவிட்டன. ஆதலின், வரும் ஐம்பதாண்டுகளுக்குள் மீண்டும் ஒன்று வரக்கூடும் என்றார். கட்டுரையின் உயிர்நிலை இம் முன்னறிவிப்பு அன்று. அடுத்து அவர் சொன்னதே. தோக்கியோ மரவீடுகள் நெருங்கிய நகரம். நடுக்கத்தால் வீடுகள் விழுவதைவிட, அதனைத் தொடர்ந்து பலவிடங்களில் ஒருங்கே எழுந் தீயே பெருங்கேடு. நீர்க்குழாய்கள் உடையுமாதலின் தீயை அணைக்க நீரிராது. நகர் முழுதும் எரிந்தால் சாவோர் தொகை நூறாயிரம், இருநூறாயிரம் என்று உயரும். ஆகவே மண்ணெண்ணெய் விளக்குகளை விட்டு மின்விளக்குக்கு மாறுக. தீத்தடுப்புக்கு இன்றே ஆவன செய்க என்பது அவர் வேண்டுகோள்.

கட்டுரை வந்த உடனே ஊர் கலங்கவில்லை. 1906 சனவரியில் தோக்கியோச் செய்தித்தாள் ஒன்று அக் கட்டுரையின் தீர்வுப் பகுதியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அச்சப் பகுதியை மட்டும் பேரெழுத்தில் வெளியிட்டது. அவ் வாண்டு சப்பானியர் ஆண்டு வட்டத்தில் தீக்குதிரை ஆண்டு. தீமைகள் மிகும் என்று அந்நாட்டுப் பொதுமக்கள் நெடுங்காலமாக நம்பிவந்த ஆண்டு. பிப்ரவரித் திங்களில் நகரை அதிர்ச்சிகள் உலுக்கவே, இன்ன மணிக்குப் பெருநடுக்கம் வரப்போகின்றது என்று யாரோ தொலைபேசிவழிப் பரப்பிய புரளியை நம்பி, மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர்.

இந்நிலையில் ஓமோரி வாளாவிருக்கவில்லை. அதே 'தையோ' இதழில், தோக்கியோவிற்குப் பெருநடுக்கம் வரும் என்பது வேரற்ற பேச்சு என்று மறுத்தெழுதினார். துறைத் தலைவர் மறுத்துவிட்டார். உலகறிந்த பேரறிஞர் மறுத்துவிட்டார். மக்கள் ஆறுதல் கொண்டனர். இமாமுராவிற்குக் கிடைத்த பட்டம் 'புளுகர்' என்பது. தெருவிலும் செய்தித்தாளிலும் எள்ளப்பட்டார். ஊதியமில்லாத அவ் விருக்கையில், தம்மைப் பொய்யர் என்று உலகறியச் செய்தவருக்குக் கீழேயே, அவர் மேலும் பதினேழாண்டுகள் பணியாற்றினார்.

இனி, ஓமோரியின் பக்கத்து வழக்கையும் நாம் முறையாகக் கேட்டல் வேண்டும். மூன்று ஆண்டெண்களைக் கொண்டு ஒரு நெறியை நிறுவ இயலாது என்பது அறிவியலில் தக்க தடையே. இன்றைய ஆய்வும் அதனை ஒருவாறு வலியுறுத்துகின்றது. 1703இன் நடுக்கம் கடலடியில் நிலத்தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று செருகும் எல்லையில் எழுந்தது. 1855இன் நடுக்கம் நகருக்கு அடியிலேயே எழுந்தது. வேறுவேறு வகையினவற்றை ஒரே வரிசையில் நிறுத்திக் கூட்டிப் பகுத்து இடைவெளி காண்பது முற்றும் பொருந்தாது. நிலம் நடுங்கும் நாளையும் மணியையும் முன்னறிந்து கூறவல்லார் இன்றும் ஒருவருமிலர். மேலும், கலங்கித் தெருவில் ஓடிய மக்களை அமைதிப்படுத்த வேண்டிய பொறுப்பும் துறைத் தலைவர்க்கு இருந்தது.

இவ்வளவும் உண்மையே. ஆயினும் ஓமோரி பிழைத்த இடம் ஒன்று உண்டு. இமாமுரா சொன்ன தீர்வு அவர் சொன்ன காலக்கணக்கைச் சார்ந்து நிற்கவில்லை. பெருநடுக்கம் பத்தாண்டில் வரினும், நூறாண்டில் வரினும், மரவீடுகள் நெருங்கிய நகருக்குத் தீயே பகை. உடையும் நீர்க்குழாயால் பயனில்லை. திறந்த வெளிகள் வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கு ஒழிய வேண்டும். இவற்றை ஓமோரியும் அறியாதவர் அல்லர். நீர்க்குழாய்களைத் திருத்துமாறு அவரே வலியுறுத்தி வந்தவர். 'காலக்கணக்கு உறுதியற்றது, ஆனால் ஏற்பாடு உடனே தேவை' என்று அவர் அவ் விதழில் அழுந்த எழுதியிருந்தால், அச்சமும் தணிந்திருக்கும், அறிவும் நின்றிருக்கும். அவர் மறுப்பு மக்கள் செவியில் வேறாக விழுந்தது. பெருநடுக்கம் வாராது, ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லை என்றே நகரம் பொருள் கொண்டது. அச்சத்தைத் தணிப்பதற்காக அறிவையும் சேர்த்து அணைத்ததே பிழை. செய்தித்தாள் ஒன்று உண்மையைத் திரித்து வெளியிட்டால், அதற்கு மருந்து அவ் வுண்மையைத் திருத்தமாக மீண்டும் சொல்வதே. சொன்னவரைப் புளுகராக்குவது மருந்தாகாது.

1923 செப்தம்பர் முதல் நாள், நண்பகலுக்கு இரண்டு மணித்துளி முன்பு, காந்தோ சமவெளி நடுங்கியது. அதன் அளவு 7.9 என்று பின்னர்க் கணித்தனர். இமாமுரா அப்பொழுது பல்கலைக்கழக நிலநடுக்கவியற் கூடத்தில் தம் இருக்கையில் இருந்தார். எழுந்தோடாமல், முதலதிர்ச்சி தொடங்கிய நொடியிலிருந்து எண்ணத் தொடங்கினார் என்று அவரே எழுதியுள்ளார். நகரெங்கும் பகலுணவுக்கு அடுப்பெரிந்த வேளை. வீடுகள் விழுந்தன, அடுப்புத் தீ பற்றியது, வன்காற்று வீசியது, நீர்க்குழாய்கள் உடைந்து கிடந்தன. மூன்றாம் நாள் வரை தீ எரிந்தது. ஓன்சோ என்னும் பகுதியில் படையினர்க்கு உடை தைக்கும் கூடம் இருந்த வெற்றிடத்தில் அடைக்கலம் புகுந்தோருள் ஏறத்தாழ 38,000 பேர், சூறாவளியாகச் சுழன்றெழுந்த தீயில் ஒருங்கே மாண்டனர். அப் பேரழிவில் இறந்தோரும் காணாமற் போனோரும் ஏறத்தாழ 1,05,000 பேர். அவருள் பத்தில் ஒன்பது பங்கினரளவு தீக்கு இரையாயினர். பதினெட்டாண்டுகளுக்கு முன் 'புளுகர்' எழுதிய கட்டுரை எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது.

அழிவு அவ்வளவில் நிற்கவில்லை. கொரியர்கள் தீ வைக்கின்றனர், கிணறுகளில் நஞ்சிடுகின்றனர் என்னும் புரளி கிளம்பியது. தடியும் வாளும் ஏந்திய கும்பல்கள் தெருவில் செல்வோரை மறித்து, 'பதினைந்து யென், ஐம்பது சென்' என்பதைச் சப்பான் மொழியிற் சொல்லுமாறு வற்புறுத்தின; ஒலிப்பில் வேறுபட்டவரைக் கொன்றன. கொரியர் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு மாண்டனர். நாக்கில் ஊறிய தாய்மொழி ஒலியே அம் மக்கட்குக் கொலைத் தீர்ப்பாயிற்று. இதற்கு நிலத்தைக் குற்றஞ் சொல்ல இயலாது. உண்மையைச் சொல்வோர் வாய் அடைக்கப்பட்ட ஊரில், பொய் சொல்வோர் வாய்க்குத் தடையே இராது.

ஓமோரி அன்று தம் நாட்டில் இல்லை. பசிபிக்கு நாடுகளின் அறிவியல் மாநாட்டின் பொருட்டு ஆத்திரேலியா சென்றிருந்தார். சிட்னியிலுள்ள ரிவர்வியூ ஆய்வுக்கூடத்தைப் பார்வையிடுகையில், அங்கிருந்த பதிவுக்கருவியின் முள் அவர் கண்முன்னேயே பேரதிர்வொன்றை வரைந்தது. வரைவது எதனை என்று முதலில் யாருமறியார். தம் நகரின் அழிவையே தாம் பார்த்துக் கொண்டிருந்ததைப் பின்னரே அவர் அறிந்தார். முன்பே நோயுற்றிருந்த அவர் அக்தோபரில் நாடு திரும்பியபோது நடக்கவும் மாட்டாதவராயிருந்தார். கப்பலுக்குச் சென்று அவரை வரவேற்றவர் இமாமுரா. இவ் வழிவில் தமக்குப் பெரும் பொறுப்பு உண்டு என்றும், பழி வரின் அதனை ஏற்பதே முறை என்றும் ஓமோரி அவரிடம் ஒப்புக்கொண்டார். நவம்பர் 8ஆம் நாள் மூளைக் கட்டியால் இறந்தார். தம் பிழையைத் தாமே உணர்ந்து சொல்லிய அந் நேர்மைக்கு நாம் தலை வணங்குதல் தகும். ஆனால் அந் நேர்மை வருமுன் நகரம் எரிந்துவிட்டது.

இமாமுரா அதன் பின்னரே பேராசிரியரானார். அப்பொழுது அவர்க்கு அகவை ஐம்பத்து மூன்று. வெற்றி பெற்றவராக அவர் இறுமாந்திருக்கவில்லை. 1929இல் நிலநடுக்கவியல் கழகத்தை மீண்டும் நிறுவித் தலைமை தாங்கினார். வரலாற்றேடுகளை மேலும் துருவினார். நாட்டின் தென்கடற்கரையில் 1707இலும் 1854இலும் பெருநடுக்கங்கள் நேர்ந்தன. அடுத்தது அண்மிக்கொண்டிருக்கின்றது என்று உணர்ந்தார். அரசு பொருளுதவி செய்யக் காத்திராமல், 1928 முதல் தம் சொந்தப் பொருளால் அக் கரையில் ஆய்வு நிலையங்களை அமைத்தார். 1931இல் ஓய்வு பெற்ற பின்னும் அப் பணியை விட்டாரல்லர். 1944 திசம்பர் 7ஆம் நாள் அக் கரையின் கீழ்ப்பகுதி நடுங்கிற்று; ஆயிரத்திருநூறு பேர் மாண்டனர். போரில் ஈடுபட்டிருந்த அரசு அவ் வழிவின் அளவைத் தன் மக்களுக்கே மறைத்தது. 1946 திசம்பர் 21ஆம் நாள் மேற்பகுதி நடுங்கிற்று. ஆயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டாம் முறையும் அவர் சொல் மெய்யாயிற்று. இரண்டாம் முறையும் அது போதிய அளவு கேட்கப்படவில்லை. 1948 சனவரி முதல் நாள் அவர் மறைந்தார்.

அவர் செய்தவற்றுள் நாம் தனித்தெடுத்து எண்ணத்தக்க பணி ஒன்று உண்டு. 1933 மார்ச்சுத் திங்களில் சன்ரிக்குக் கரையை மீண்டும் பேரலை தாக்கி மூவாயிரம் பேரைக் கொன்றபின், இவ் வறிவைப் பிள்ளைகட்குப் பள்ளியிலேயே ஊட்டுதல் வேண்டும் என்று அவர் வலியுறுத்தி வந்தார். 1937 முதல் பத்தாண்டுகள் சப்பானின் தொடக்கப் பள்ளி மொழிப் பாடநூலில் ஒரு கதை இருந்தது. 1854இன் பேரலையின்போது, ஓரூரின் பெரியவர் ஒருவர் வைக்கோற்போர்களுக்குத் தீயிட்டு, அவ் வொளியால் ஊராரை மேட்டு நிலத்திற்கு வரச்செய்து காத்தார் என்பது அக் கதையின் கரு. ஆமாகுச்சி கோரியோ என்பவர் இரோ என்னும் சிற்றூரில் மெய்யாகவே செய்த செயலை அடியாகக் கொண்டது அது. பின்னர் அவர் தம் பொருளால் அவ் வூருக்குக் கட்டிய கடற்கரை அணை, 1946இன் அலையிலிருந்து ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. அக் கதையை வகுப்பில் எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்று ஆசிரியர்க்கு விளக்கம் எழுதியவர் இமாமுரா. வாய்பாடும் கருவியும் கையாண்ட பல்கலைக்கழகப் பேராசிரியர், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பாடத்திற்கு உரை எழுதுவதை இழிவாகக் கருதவில்லை.

இங்கே மொழியைப் பற்றிச் சில சொற்கள் சொல்லுதல் பொருந்தும். அயல்மொழி ஆய்வேட்டில் எழுதி அடுக்கி வைத்திருந்தால், இமாமுராவை யாரும் புளுகர் என்றிரார். மக்கட்கு விளங்கும் மொழியில், மக்கள் கையில் எட்டும் இதழில் எழுதியதே அவர்மேற் சாற்றப்பட்ட குற்றம். மேலும், இன்று உலக அறிவியல் முழுதும் வழங்குகின்ற 'சுனாமி' என்னும் சொல்லைப் பாருங்கள். 'சு' என்பது துறை. 'நாமி' என்பது அலை. துறையில் வந்து தாக்கும் அலை என்று சப்பான் கடற்கரை மக்கள் இட்ட பெயர் அது. அறிவியலுக்குத் தாய்மொழி போதாது என்று நம்மிடையே புலம்புவோர், அலைவாய்க் கரையில் வாழ்ந்தோர் வாய்ச்சொல் உலக அறிவியற் சொல்லான இவ் வரலாற்றைச் சற்றே எண்ணுதல் நன்று.

இன்னுமொரு சான்று. சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் சிமெலுவே என்னும் தீவு உள்ளது. 1907இல் அத் தீவைப் பேரலை தாக்கியது. அதில் தப்பியோர், நிலம் வலிதாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் உடனே மேட்டிற்கு ஓடுதல் வேண்டும் என்னும் அறிவைச் 'சுமோங்கு' என்னும் தம் மொழிச் சொல் ஒன்றில் அடக்கிக் கதையாகவும் பாட்டாகவும் தம் பிள்ளைகட்குத் தந்தனர். 2004 திசம்பர் 26ஆம் நாள் எழுந்த பெருநடுக்கத்திற்கு மிக அண்மையில் இருந்தது அத் தீவு. அரை மணிப்பொழுதிற்குள் அலை வந்துவிட்டது. கருவி இல்லை, எச்சரிக்கை நிலையம் இல்லை. ஒரு சொல் இருந்தது. அச் சொல்லைக் கூவிக்கொண்டு மக்கள் மலையேறினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அத் தீவில் இறந்தோர் எழுவரே.

அதே நாளில் அதே அலை நம் கரைக்கும் வந்தது. நிலம் நடுங்கியது காலை ஆறரை மணியளவில். நாகையையும் கடலூரையும் அலை தாக்கியபோது இரண்டு மணிக்கு மேல் கழிந்திருந்தது. அரை மணியில் சிமெலுவே மக்கள் செய்ததைச் செய்ய நமக்கு அதைப்போல் நான்கு மடங்கு காலம் இருந்தது. பசிபிக்குப் பெருங்கடலில் 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இயங்கி வந்தது. இந்தியப் பெருங்கடலில் அன்று ஒன்றும் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஈழத்தின் கீழைக்கரையிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் துடைத்தெறியப்பட்டன. கடல்கோள் என்னும் சொல் நமக்குப் பழஞ்சொல். ஆனால் அச் சொல்லை நாம் பழம்பெருமை பேசுவதற்கு மட்டுமே வைத்திருந்தோம். கடல் உள்வாங்கினால் ஓடு என்னும் அறிவை அதனுள் வைத்துப் பிள்ளைக்குத் தரவில்லை. சிமெலுவேயில் சொல்லோடு பொருளும் வாழ்ந்தது. நம்மிடம் சொல் ஏட்டிலும், பொருள் ஆங்கில ஆய்வு நூல்களிலும் பிரிந்து கிடந்தன.

2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்துவிட்டது. இனிக் கவலையில்லை என்பார் உளர். நிலையம் நன்றே. ஆயின் கருவி தரும் செய்தி கரையில் வாழ்வோர் செவிக்கு அவர்தம் மொழியிற் சென்று, அவர் என் செய்வது என்பதை முன்பே அறிந்திருந்தாலன்றோ அச் செய்தி உயிர் காக்கும்? கடல் மட்டுமன்று, நிலமும் நமக்கு அசையாப் பொருள் அன்று. 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோவை வட்டாரம் வலிதாக நடுங்கியது. 2001 செப்தம்பரில் புதுவைக்கு அப்பால் கடலடியில் எழுந்த நடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. தமிழகத்தில் நிலநடுக்கம் வருமா என்று கேட்டால், வாராது என்று சொல்லி ஆறுதல்படுத்தும் ஓமோரிகள் நமக்கு வேண்டா. வரும், வரும் என்று பேரெழுத்தில் அச்சுறுத்தும் செய்தித்தாள்களும் வேண்டா. வரினும் வாராவிடினும் வீட்டை எவ்வாறு கட்டுவது, தூண்களை எவ்வாறு பிணிப்பது, நடுங்கும்போது எங்கே ஒதுங்குவது, கடல் பின்வாங்கின் எப்பக்கம் ஓடுவது என்று தெளிந்த தமிழில் சொல்லும் இமாமுராக்களே வேண்டும்.

எனவே நம் பல்கலைக்கழகங்களில் நிலவியலும் இயற்பியலும் கற்பிக்கும் பேராசிரியப் பெருமக்களைக் கேட்கின்றோம். உலக ஆய்வேடுகளில் எழுதுங்கள். அது உங்கள் கடன், உங்கள் பெருமை. ஆயின் நீங்கள் அறிந்தவற்றுள் மக்கள் உயிரைக் காக்கும் பகுதி எதுவோ, அதனை ஆண்டுக்கு ஒரு முறையேனும் தமிழில், திங்களிதழிலோ சிறு வெளியீட்டிலோ பள்ளிப் பாடநூலிலோ எழுதுங்கள். தலைவரின் கருத்துக்கு மாறானது என்று அஞ்சி அடக்காதீர்கள். உறுதி எவ்வளவு, ஐயம் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஐயத்தோடு கூடிய உண்மையைத் தாங்கும் அறிவு தமிழ் மக்கட்கு உண்டு.

படிப்போராகிய நமக்கும் கடன் உண்டு. அறிஞர் ஒருவர் நம் மொழியில் நம்மிடம் பேச வந்தால், அவர் இருக்கை பெரியதா, ஊதியம் உண்டா என்று பாராமல், அவர் சொல்லிலுள்ள சான்று யாது என்று பார்ப்போம். அவர் சொன்ன தீர்வை நம் ஊரில், நம் தெருவில், நம் பள்ளியில் கேட்டுப் பெறுவோம். கடற்கரையூர்களில் உள்ள தமிழுணர்வாளர்கள், தம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று கடல்கோள் என்னும் பழஞ்சொல்லோடு அதன் பொருளையும், ஓடவேண்டிய வழியையும் பிள்ளைகட்குச் சொல்லித் தருவதை இவ் வாண்டின் பணியாக மேற்கொள்வார்களாக. நாம் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டு ஒரு பிள்ளை உயிர் பிழைக்குமாயின், தமிழுக்கு நாம் செய்த தொண்டுகளுள் அதுவே தலையாயது.